வெளி சமஸ்தானத் துப்பாக்கி

பலகையில் மூன்று வரிகள்.
ஏற்காட்டுத் தோட்டத்துரைமாருக்குக் கட்டணம் இல்லை.
சேலம் ஜில்லாவாசிக்கு ஐந்து ரூபாய்.
வெளி சமஸ்தானத்தாருக்கு, என்று எழுதி
எதிரே ஒரு தொகை.

முதல் இரண்டையும்
நான் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து யாரும் தொட்டதில்லை.
மூன்றாவதில்தான் வருஷா வருஷம் பெயிண்ட் ஏறுகிறது.
பன்னிரண்டின் மேல் பதினெட்டு
பதினெட்டின் மேல் இருபத்தைந்து
இப்போது நாற்பது.
விரலால் தடவினால் தழும்பு மாதிரி மேடு தட்டும்.

ஏன் என்று கேட்பவர்களுக்குச் சொல்ல
கமிட்டி எனக்கொரு வாக்கியம் கொடுத்திருக்கிறது:
மிருகங்கள் குறைந்து வருவதால்.
இருபத்தெட்டு ரூபாய்ச் சம்பளத்தில்
அதைச் சொல்வதும் சேர்த்தி.

பெங்களூர் சிக்கப்பேட்டையில்
கடிகாரம் பழுது பார்க்கிற வெங்கோஜி ராவ்
மார்கழிக் கடைசியில் வருவார்.
கம்பளியில் சுற்றிய ஒற்றைக்குழல்,
கைக்குட்டை முடிச்சில் பணம்.
ஒரு வருஷம் பன்றி கிடைத்தது.
மறு வருஷம் காட்டுக்கோழி இரண்டு.
அதற்கடுத்த வருஷம் ஒன்று, அதுவும் சேவல் குஞ்சு.
நாற்பதைப் பார்த்துவிட்டு
கொஞ்ச நேரம் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார்.
"எங்கள் கடையில் முள் பின்னாலும் சுற்றும் சார்,
சாவி தப்பாகக் கொடுத்தால்" என்றார்.
அப்புறம் முடிச்சை அவிழ்த்தார்.

நாலு நாள்.
நாகலூர்ச் சரிவு, செம்மடுவு ஓடை,
காப்பி முடிந்து காடு தொடங்கும் எல்லைகளெல்லாம்.
முன்னால் நடந்த மலையாளி சடையனுக்குக்
கூலி அதே ஆறணா.
அவனுக்குப் பலகையில் வரியே கிடையாது.
"பன்னி தொப்பூர்ப் பக்கம் எறங்கிருச்சு"
என்று முதல் நாளே சொன்னானாம்.
சொல்லிவிட்டு நாலு நாளும் நடந்தானாம்.

ஐந்தாம் நாள் காலையில் பாஸைத் திருப்ப வந்தார்.
படிவத்தில் ஒரு கட்டம் உண்டு: கொன்றவை.
பேனாவைத் தொட்டுக்கொண்டு காத்திருந்தேன்.
சேலத்துக்கு இறங்கும் பஸ்
ஒண்டிக்கடையில் ஹாரன் அடித்தது.

"காலியாக விட்டால்
வீட்டில் நாற்பதுக்குக் கணக்குச் சொல்ல முடியாது" என்றார்.
கையில் காசு எதுவும் நீட்டவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.
"முயல் என்றாவது போடுங்களேன்."

போட்டேன்.
அடுத்த கட்டம் கேட்டது: ஆணா, பெண்ணா?
அவர் நிஜமாகவே யோசித்தார்.
"இருட்டில் தெரியவில்லை" என்றார்.
எடை?
"மூன்று ராத்தல் இருக்கும்.
இல்லை, மூன்றரை."
நகலை மடித்து
கடிகாரச் சக்கரம் வைக்கிற தகர டப்பாவில், பஞ்சுக்கு மேல் வைத்தார்.
பஸ் போகும்வரை நான் முத்திரையைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

பங்குனியில் கமிட்டி கூடியது.
காரியதரிசி பதிவேட்டைப் படித்தார்.
வெளி சமஸ்தானம், துப்பாக்கி ஒன்று, முயல் ஒன்று.
தலைவர் சுருட்டின் சாம்பலைத் தட்டினார்.
"ஆக, இன்னும் இருக்கிறது."
யாரோ ஐம்பது என்றார்கள்.
யாரும் மறுக்கவில்லை.
மினிட்ஸ் எழுதியவன் நான்.
என் கையெழுத்து நன்றாக இருக்கும் என்பார்கள்.

பெயிண்டர் அருளப்பன் வந்தான்.
சுரண்டிவிட்டு எழுதட்டுமா, மேலேயே எழுதட்டுமா என்று கேட்டான்.
சுரண்டினால் ஓரணா அதிகம்.
மேலேயே எழுது என்றேன்.

சாயங்காலம் ஏரிக்கரையோடு வீட்டுக்கு நடந்தேன்.
மூடுபனி முழங்கால் வரை.
சில்வர் ஓக் வரிசைக்கு நடுவில்
ஏதோ ஒன்று குறுக்கே ஓடி நின்று
மறுபடி ஓடியது.
பூனையாகவும் இருக்கலாம்.
குனிந்து பார்த்தேன்,
என்னவோ கையெழுத்து வாங்க வேண்டியவன் போல.